கோணல் வத்தல்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

விடுமுறையில் பிள்ளைகளைச் செல்போனிலிருந்து பிரிக்கப் படாதபாடு பட்டேன். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. கடையில் விற்கிற கைவேலைப் பெட்டி ஒன்று வாங்கினேன், இரண்டே நாளில் மூலைக்குப் போய்விட்டது. பாவூர்சத்திரம் சந்தையில் சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) மலிந்து கிடக்கவே, ஐந்து கிலோ வாங்கி இருவரையும் கூட வைத்துக்கொண்டு கொஞ்சம் வத்தல் போட்டேன். மகள் நறுக்கியது குட்டையும் நெட்டையுமாக இருந்தது, மகன் குவித்துக் குவித்துப் பரப்பியிருந்தான். தூங்கியபிறகு எல்லாவற்றையும் நானே சரிசெய்தேன். உப்பு எவ்வளவு? எத்தனை வெயில் காய வேண்டும்? சாரல் தொடங்கிவிட்டதே, மீதிக் காயை மைக்ரோவேவ் அடுப்பில் காயவைக்கலாமா? வெண்டைக்காயைச் சாயத்தில் தொட்டு அச்சுக் குத்துகிறார்களே, அப்படி வேறு என்ன கைவேலை கொடுக்கலாம்?

வாசகி, தென்காசிப் பக்கம்

அன்புள்ள தங்கச்சி,

வத்தல் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைப்பு. மைக்ரோவேவ் வேண்டாம், அதில் காய் வேகும், காயாது. உப்பு உங்கள் கைக்கே தெரியும். காயை அவிக்கிற தண்ணீர் நாக்கில் பட்டால் கரிக்க வேண்டும், அவ்வளவுதான். அரைவேக்காட்டில் இறக்கி, வடித்துப் பரப்புங்கள். வெண்டைக்காய் அச்சா? குத்தட்டும். எப்படியும் கழிக்கிற காம்புப் பக்கத்தை மட்டும் கொடுங்கள்.

'தூங்கியபிறகு நானே சரிசெய்தேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். யாரைக் கேட்டுக்கொண்டு அதைத் தொட்டீர்கள்? எட்டு வயசுப் பிள்ளைக்குத் தான் நறுக்கிய காய் எதுவென்று தெரியாதா? காலையில் தட்டட்டிக்கு, அதுதான் மொட்டைமாடிக்கு, போய்ப் பார்த்திருப்பாள். எல்லாம் ஒரே அளவில் வரிசையாகக் கிடந்திருக்கும். 'நான் செய்தால் என்ன, அம்மா எப்படியும் திரும்பச் செய்துகொள்வாள்' என்று ஒருதடவை தோன்றிவிட்டால் போதும், அப்புறம் அருவாமனைப் பக்கமே வரமாட்டாள். கைவேலைப் பெட்டி மூலைக்குப் போனதும், செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான் என்பதால்தான். அதில் செய்கிற காகிதப் பூ இல்லையென்றால் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது, பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும். வத்தல் இல்லையென்றால் புளிக்குழம்பு வைக்கிற அன்றைக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

குட்டை நெட்டையெல்லாம் ஒரு குற்றமா? எண்ணெயில் போட்டால் எல்லாம் பொரியும். குவித்துப் பரப்பியதுதான் தப்பு, அப்படியே விட்டால் அடியில் ஈரம் நின்று பூசணம் பிடித்துவிடும். 'அதைச் சரிசெய்தது நியாயம்தானே' என்பீர்கள். நியாயம்தான், ஆனால் அதை அவன் கையால் செய்திருக்க வேண்டும். ஒரு வெயில் விட்டுவிட்டு, மறுநாள் ஓரத்தில் கிடப்பதில் ஒன்று, குவியலின் நடுவிலிருந்து ஒன்று எடுத்துக் கையில் கொடுத்து 'ஒடி பார்ப்போம்' என்று சொல்லிப் பாருங்கள். ஓரத்துக் காய் விறைக்கத் தொடங்கியிருக்கும், நடுக்காய் ரப்பர் மாதிரி வளையும். அவனே குவியலைக் கலைப்பான். எத்தனை வெயில் என்று கேட்டீர்களே, சடக்கென்று ஒடிகிறவரைக்கும். அதையும் அவனே சொல்லட்டும். ஒன்று மட்டும் விளையாட்டில்லை: பூசணம் பூத்ததைத் துடைத்துவிட்டுப் பொரித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சில பூசணங்களின் நஞ்சு பொரித்தாலும் போகாது. தூரப் போடுங்கள்.

கடையத்தில் எங்கள் ஆச்சி வீட்டில் சித்திரை வெயிலுக்குச் சுண்டைக்காய் வத்தல் போடுவார்கள். காயைத் தட்டி, உப்பு மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் காயப்போட்டு, சாயந்தரம் திரும்ப அதே மோரில் போடுவது, மோர் வற்றுகிறவரைக்கும். தட்டுவது பிள்ளைகள் வேலை. ஓங்கித் தட்டினால் விதை தெறித்து ஓடிவிடும். மெத்தனமாகத் தட்டினால் காய் வாய் பிளக்காது, மோர் உள்ளே இறங்காது, கசப்பு அப்படியே நிற்கும். ஆச்சி ஒரு காயையும் திரும்பத் தட்டமாட்டாள். ஆளுக்கொரு சட்டி, ஆளுக்கொரு சுளகு. குழம்பு அன்றைக்கு 'ஏலே, இது உன் சுளகுக் காய், நீயே தின்னு' என்று இலையில் வைப்பாள். அடுத்த தடவை யாரும் மெத்தனமாகத் தட்டவில்லை.

காக்கா விரட்டுவதும் எங்கள் பொறுப்புதான். அதற்குத்தான் பனையோலைக் காத்தாடி செய்தோம். இரண்டு கீற்றைக் குறுக்கே மடித்து இறுக்கி, நடுவில் கருவேல முள்ளைக் குத்திச் சோளத்தட்டையில் செருக வேண்டும். ஓட்டை இறுக்கமாக இருந்தால் சுற்றாது, பெரிதானால் காற்றில் கழன்று அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்த ஓட்டைக்காக எத்தனை ஓலையைக் கிழித்திருப்போம்! முதல்நாள் காக்கா பயந்தது, மறுநாள் காத்தாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றது. உடனே உடைந்த வளையல்களைக் கட்டிச் சத்தம் வரவைத்தோம். கைவேலை கேட்டீர்களே, இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் இந்த வருஷத்துக்கு உங்கள் பக்கம் வத்தல் முடிந்துபோனது. 2019-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டத்தைப் பிரித்தாலும் பிரித்தார்கள், சாரல் உங்களுக்கு, புழுதிக் காற்று பாளையங்கோட்டையில் எங்களுக்கு. மீதிச் சீனியவரையைப் பொரியல் வைத்துத் தீர்த்துவிடுங்கள். புளியங்குடி எலுமிச்சை ஒரு கிலோ வாங்கி நாலாக நறுக்கி, 200 கிராம் கல்லுப்புப் போட்டு, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் அடையுங்கள். உப்பும் புளிப்பும் சேர்ந்து கெடாமல் பார்த்துக்கொள்ளும், வெயில் வேண்டாம். நறுக்குவது மகள். தினம் ஒருதடவை குலுக்குவது மகன். மூடி வழியாகக் கொஞ்சம் ஒழுகும், தரையெல்லாம் பிசுபிசுக்கும். துடைக்கிற துணியையும் அவனிடமே கொடுத்துவிட்டு நீங்கள் போய்த் தூங்குங்கள்.