மொழித்திறன் நிலைகள்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பி1 (ஆறு நிலைகளில் மூன்றாவது) பாடநூலை முடித்த மாணவர்கள்கூட நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் திணறுகிறார்கள். இந்த ஆறு நிலை அளவுகோலை நம்பலாமா?

பதில்: அளவுகோலை நம்பலாம்; நூலின் அட்டையில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம்தான் (CEFR) இந்த அளவுகோல். அது ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும் ஒவ்வொரு நிலையிலும் ஒருவரால் அந்த மொழியில் என்னென்ன செய்ய முடியும் என்று விவரிக்கிறது. அது பாடத்திட்டம் அல்ல, இலக்கணப் பட்டியலும் அல்ல.

நேரத்தையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஏ2-வை எட்ட 180–200 மணி நேரம், பி1-ஐ எட்ட மொத்தம் 350–400 மணி நேரம் கற்க வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் தோராயக் கணக்கு. இந்த இடைவெளியை 60 மணி நேர வகுப்பில் அடைக்கப் பார்த்தால் முதலில் அடிபடுவது பேச்சுதான்.

பாடத்துக்கு ஒன்றாக, சட்டகத்தில் உள்ள '... முடியும்' என்ற விவரிப்பு ஒன்றை எடுத்துப் பணியாக மாற்றுங்கள். 'புகார் சொல்ல முடியும்' என்பது பி1-இல் உண்டு. ஒருவர் பழுதான பொருளை மாற்றித் தரக் கேட்கட்டும், மற்றவர் கடைக்காரர். தயாராக 2 நிமிடம், பேச 3 நிமிடம். கையில் குறிப்பு கூடாது. ஆனாலும் சிலர் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். அதனால் நடுவில் 'ரசீது இல்லை' என்று ஒரு சிக்கலைப் போடுங்கள். காரியம் முடிந்ததா என்பதற்கே முதல் மதிப்பெண், இலக்கணம் பிறகு. வாசிப்பு பி1, பேச்சு ஏ2 என்று தனித்தனியாகக் குறியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நிலையாகச் சுருக்கினால் எங்கே பலவீனம் என்பதே தெரியாமல் போய்விடும்.

கேள்வி: தமிழ் கற்பிக்க இது பொருந்துமா?

பதில்: பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. பேச்சுவழக்குக்கும் எழுத்துவழக்குக்கும் உள்ள தூரத்தை அந்த நிலைகள் தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை. உரையாடலைப் பேச்சுவழக்கிலும், வாசிப்பையும் எழுதுவதையும் எழுத்துவழக்கிலும் மதிப்பிடுங்கள். கவனமாக இருக்க வேண்டிய இடம் கேட்டல். செய்தி அறிக்கை ஒரு வழக்கு, இருவர் அரட்டை இன்னொரு வழக்கு. செய்தி நன்றாகப் புரிந்தும் 'வந்துட்டேன்', 'போயிருச்சு' காதில் பிடிபடாத மாணவர்கள் உண்டு. கேட்டலுக்கு இரண்டு தேர்வுகள் வையுங்கள்.

கேள்வி: சி2 என்றால் தாய்மொழிக்காரர் போலப் பேசுவதா?

பதில்: இல்லை. விவரிப்புகளில் இருந்த தாய்மொழியாளர் ஒப்பீடுகளை 2020-இல் வந்த சட்டகத்தின் துணைத் தொகுதி நீக்கிவிட்டது. உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கிறது என்பதற்காக மட்டும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். சொல்வது தெளிவாகப் புரிகிறதா என்று பாருங்கள்.