பக்கத்து வீட்டு ராணுவ வீரரும் அவருடைய துப்பாக்கிகளும்

அன்புள்ள தங்கைக்கு,

கொண்டலாம்பட்டியிலிருந்து டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குக் குடிபோய் ஒரு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர். வாசலில் கொடி, அலமாரி நிறையத் துப்பாக்கி, வாயைத் திறந்தால் அரசியல். தன் பேரனோடு விளையாட உங்கள் ஏழு வயது மகனை அனுப்பச் சொல்கிறார், சுடும் பயிற்சிக் களத்துக்கு உங்கள் கணவரை அழைக்கிறார். பயப்பட வேண்டுமா, பழகலாமா என்பது உங்கள் கேள்வி. நானும் சேலத்துக்காரன். அஸ்தம்பட்டியில் வளர்ந்து, அமெரிக்கா போய், கிரீன் கார்டோடு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோடு) அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்து, ஓய்வூதியம் வரும்வரை பணிசெய்து, சான் அன்டோனியோவுக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டவன். அம்மாவைப் பார்க்க ஏற்காடு வந்திருக்கிறேன், இங்கிருந்துதான் எழுதுகிறேன்.

பழகுங்கள். ஆனால் மகனை அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒன்றை நேராகக் கேளுங்கள்: துப்பாக்கிகள் பூட்டியிருக்கின்றனவா, சாவி யாரிடம் இருக்கிறது? ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து பீரோ சாவி எங்கே என்று விசாரிப்பதைப் போல இது நமக்குக் கூசும். அங்கே பெற்றோர் இதைக் கேட்பதில் தவறே இல்லை. சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி அலட்சியமாக விட்டால் டெக்சாஸ் சட்டப்படியே அது குற்றம். நல்ல ராணுவ வீரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பெட்டகத்தைத் திறந்து காட்டக்கூடச் செய்வார். முகம் சுளித்தால், பிள்ளைகள் உங்கள் வீட்டில் விளையாடட்டும். வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பயிற்சிக் களத்து அழைப்பில் உங்கள் கணவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அவர் எச்1பி என்னும் வேலை விசாவில் இருக்கிறார், நீங்கள் அவருடைய மனைவி என்ற முறையில் எச்4 விசாவில். இப்படிக் குடியேற்றம் அல்லாத, அதாவது தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. களத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டால்கூட அதை ‘வைத்திருத்தல்’ என்று கொள்ள முடியும். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தப்படுவதற்கே காரணமாகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு நம் விசா விதிகள் தெரியாது. “என் விசாவுக்கு அனுமதி இல்லை” என்று சொன்னால் புரிந்துகொள்வார், மனவருத்தமும் வராது. கிரீன் கார்டு வந்த பிறகு நிலைமை வேறு.

அவர் ஏன் இத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறார் என்றும் கேட்டிருந்தீர்கள். நாம் வளர்ந்த ஊரில் துப்பாக்கி என்பது வங்கி வாசலில் நிற்கும் முன்னாள் ராணுவத்தினரின் தோளில் பார்த்தது. இந்த மலையில் காப்பித் தோட்டக்காரர் சிலரிடம் உரிமத்தோடு இருக்கும். தேர்தல் அறிவித்தால் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். மலைக் கிராமங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டால் மறுநாள் செய்தித்தாளில் வரும். அதாவது இங்கே அரசு மனம் வைத்தால்தான் துப்பாக்கி. அங்கே அது குடிமகனின் உரிமை. 1791இல் சேர்த்த இரண்டாவது அரசமைப்புத் திருத்தம் அந்த உரிமையைத் தருகிறது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். மளிகைக் கடையில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியைப் பார்த்தால் மிரள வேண்டாம். அவர் பால் வாங்கத்தான் வந்திருக்கிறார்.

இந்த விஷயத்தில் நான் பக்கத்து வீட்டுக்காரரோடு பாதி உடன்படுகிறேன், பாதி உடன்படவில்லை. சான் அன்டோனியோவுக்குக் கிழக்கே சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. 2017 நவம்பர் 5, ஞாயிறு வழிபாட்டில் இருந்தவர்களை ஒருவன் சுட்டான். கருவிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 பேர் இறந்தார்கள். அவன் முன்னாள் விமானப் படைக்காரன். மனைவியையும் அவருடைய குழந்தையையும் தாக்கியதற்காக ராணுவ நீதிமன்றம் அவனைத் தண்டித்திருந்தது. அந்தத் தண்டனை கூட்டாட்சித் தரவுத்தளத்துக்குப் போயிருந்தால் துப்பாக்கி விற்கும் முன் கடையில் நடக்கும் பின்னணிச் சோதனையில் அவன் சிக்கியிருப்பான். விமானப் படை அதை அனுப்பவில்லை. அவன் துப்பாக்கி வாங்கினான். அதே நாளில், தேவாலயத்துக்கு அருகில் வசித்த ஒருவர் செருப்புக்கூடப் போடாமல் தன் ரைஃபிளோடு ஓடிவந்து எதிர்த்துச் சுட்டுக் கொலைகாரனை விரட்டினார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வார். அது உண்மை. முதல் பாதியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் வாதம்.

ராணுவத்தில் துப்பாக்கி யாருக்கும் சொந்தமல்ல. எண் பார்த்து வாங்குவோம், பயிற்சி முடிந்ததும் துடைத்து, எண்ணிப் பார்த்து, ஆயுதக் கிடங்கில் திருப்பிக் கொடுப்போம். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை முகாமே அடைபடும். இருபது வயதுப் பிள்ளைகளிடம் அவ்வளவு கண்டிப்பைக் கேட்கும் ஒரு நாடு, வீதியில் அதில் கால்வாசியையாவது கேட்கக் கூடாதா? உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் பின்னணிச் சோதனை உண்டு. ஒரே மாநிலத்தில் ஒருவருக்கொருவர் கைமாற்றாக விற்கும்போது கூட்டாட்சிச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, டெக்சாஸும் கேட்பதில்லை. உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. பயிற்சி, பூட்டு, சோதனை மூன்றும் வேண்டும் என்கிறேன். என்னோடு பணிசெய்த பலர் இதே கருத்தை வெளியில் சொல்லத் தயங்குகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். முன்னாள் படைவீரர்களில் மட்டும் நாளொன்றுக்குச் சராசரியாக 17 பேர் அளவில் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் துப்பாக்கியால். பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று பேச்சைக் குறைத்தாலோ, பொருள்களை எல்லாம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாலோ, சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் போய் நில்லுங்கள். 988க்கு அழைத்து 1ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான உதவி எண் கிடைக்கும். அந்த எண்ணை உங்கள் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

அரசியல் பேச்சுக்கு வருகிறேன். பணியில் இருக்கும்போது சீருடையில் கட்சி மேடை ஏறக் கூடாது என்பது விதி. அந்தக் கட்டு ஓய்வோடு தளர்ந்துவிடும். அடக்கி வைத்ததெல்லாம் வேலியோரத்தில் கொட்டும். எல்லா வீரர்களும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என் படைப்பிரிவிலேயே இரு கட்சிக்காரர்களும் இருந்தார்கள். எல்லையையும் குடியேறியவர்களையும் பற்றி அவர் கடுமையாகப் பேசினால், நல்ல பெயர் வாங்குவதற்காகத் தலையாட்ட வேண்டாம். “நாங்களும் குடியேறியவர்கள்தான் ஐயா” என்று அமைதியாகச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே மாறிவிடும். தலைவர்களைப் பற்றிக் கேட்பதைவிட, படைவீரர் மருத்துவமனை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். போர்முனையில் குப்பை எரித்த குழிகளின் புகையால் நோயுற்றவர்களுக்காக 2022இல் இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும், கேட்க உங்களுக்கும் பயனிருக்கும். மே மாதக் கடைசித் திங்கள்கிழமை இறந்த வீரர்களுக்கான நினைவு நாள். அன்று வாழ்த்துச் சொல்ல வேண்டாம். உயிரோடிருக்கும் படைவீரர்களுக்கு நன்றி சொல்லும் நாள் நவம்பர் 11.

அன்றாட வாழ்க்கையில் நம் சேலத்துப் பழக்கம் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். அடிவாரச் சோதனைச் சாவடியில் போலீஸ் கைகாட்டினால் நாம் வண்டியிலிருந்து இறங்கி, காகிதங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போவோம். அது இங்கே மரியாதை. அங்கே உயிருக்கு ஆபத்து. காருக்குள்ளேயே இருங்கள், இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல் தெரியட்டும், இரவானால் உள்விளக்கைப் போடுங்கள், கேட்ட பிறகு சொல்லிவிட்டு உரிமத்தை எடுங்கள். முகவரி சந்தேகமாக இருந்தால் முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டாமல் தொலைபேசியில் கேளுங்கள். 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் தவறான வீட்டில் மணியடித்ததற்காகச் சுடப்பட்டான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

தீபாவளிக்குப் பட்டாசு வாங்குவதாக இருந்தால் முதலில் நகர விதியைப் பாருங்கள். சான் அன்டோனியோ நகர எல்லைக்குள் வெடிக்க அனுமதி இல்லை. ஊருக்கு வெளியே நண்பர் வீட்டில் வெடித்தாலும், அக்கம்பக்கத்தில் போருக்குப் போய்வந்தவர் இருந்தால் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பாராத வெடிச்சத்தம் சிலருக்கு இரவுத் தூக்கத்தையே கெடுத்துவிடும். மறுநாள் பலகாரத் தட்டோடு போங்கள். நம் தட்டுவடையும் முறுக்கும் அவருக்குப் பிடிக்கும், காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் இந்த வாரம் ஓட்டுநர் உரிமத்துக்குப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த விண்ணப்பத்தில், வாக்காளராகப் பதிவுசெய்ய விருப்பமா என்றும் கேட்டிருக்கும். அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் அதில் ‘ஆம்’ என்று குறித்தால் பின்னாளில் கிரீன் கார்டே சிக்கலாகிவிடும். அந்தக் கட்டத்தை நிதானமாகப் படித்து ‘இல்லை’ என்று குறிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து உங்கள் அண்ணன்