கச்சேரி பற்றி எழுதும்போது ராகம், தாளம், ஸ்ருதி போன்ற சொற்களோடு எந்த வினைச்சொல்லைச் சேர்ப்பது?

சபாவில் பக்கத்து சீட்டுக்காரர் எப்படிச் சொல்வாரோ அப்படியே எழுதுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ராகம் இசைத்தார், தாளம் இசைத்தார் என்று எல்லாவற்றுக்கும் ஒரே வினையை ஒட்டிவிடுகிறார்கள். மயிலாப்பூரில் கச்சேரி கேட்கிற யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் செய்வது யார் என்று பாருங்கள். தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன்: மிருதங்கக்காரர் தனி வாசிக்கிறார், பாடகர் தனி விடுகிறார், அந்த நேரம் பார்த்து நம்மில் பாதிப் பேர் கேன்டீனுக்குக் கிளம்புகிறோம். கச்சேரியும் அப்படித்தான். வித்வான் கச்சேரி செய்வார், சபாக்காரர்கள் கச்சேரி வைப்பார்கள், நன்றாக அமைந்தால் அதுவே களைகட்டும்.

ஸ்ருதியைச் சேர்ப்பார்கள், தம்பூராவானாலும் மிருதங்கமானாலும். ஆனால் மிருதங்கத்தில் கைவேலை அதிகம்: வலந்தலை என்கிற வலப்பக்கத்தின் விளிம்பைச் சுற்றிக் கல்லால் தட்டித் தட்டிப் பார்ப்பார், தொப்பி என்கிற இடப்பக்கத்தில் பிசைந்த ரவையை அப்புவார், கொஞ்சம் கிள்ளி எடுப்பார். இதை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் வினைச்சொல்லுக்குப் பஞ்சமே வராது. குரல் என்றால் ஸ்ருதியோடு சேரும், இல்லாவிட்டால் விலகும்.

தாளம் போடுவது. ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டி வீசி, தட்டி வீசி, ஆக 8 அட்சரம். இத்தனையும் சேர்ந்துதான் 'போடுவது'. 'தாளம் தட்டினார்' என்றால் யாரோ மேசையில் விரலால் தட்டுகிற மாதிரி இருக்கிறது.

மற்றவை சுலபம்: ராகம் பாடுவார், நிரவல் (பாட்டின் ஒரு வரியையே விதவிதமாக விரிப்பது) செய்வார், ஸ்வரம் பாடுவார் அல்லது போடுவார், கோர்வை (கணக்கோடு கட்டிய முத்தாய்ப்பு) வைப்பார். சங்கதி (ஒரே வரியின் மெட்டை மாற்றி மாற்றிப் பாடுவது) போடலாம், அருமையாக இருந்தால் 'சங்கதி விழுந்தது' என்பார்கள், என்னவோ தானாக வந்து விழுந்த மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம் இது.

வயலின், வீணை, நாகஸ்வரம், தவில் எல்லாமே வாசிப்பதுதான். வீணையை மீட்டுவதைக் கவிதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'நாகஸ்வரம் ஊதினார்', 'தவில் அடித்தார்' என்று அச்சில் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், அதில் மரியாதைக் குறைவு இருக்கிறது. பறைக்கு மட்டும் 'இசைத்தார்' என்றே எழுதுங்கள். 'பறை அடிப்பவர்' என்பதில் சாதி இழிவு ஒட்டியிருப்பதால் கலைஞர்கள் பலர் அதை விட்டுவிட்டு 'பறையிசை' என்கிறார்கள், அவர்கள் சொல்வதுதான் கணக்கு.

கடைசியாக, ஜால்ரா போடுவதும் ஒத்து ஊதுவதும் வேறு அர்த்தத்தில் ஊறிப்போய்விட்டன. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒத்து ஊதி ஸ்ருதி கொடுக்கிறவரைப் பற்றி எழுத நேர்ந்தால் 'ஒத்து வாசித்தார்' என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் படிப்பவர்கள் அரசியல் செய்தி என்று நினைத்துவிடுவார்கள்.