கேளுங்க சொல்றோம்: முட்டைக்குள்ளயே முட்டை

கேள்வி: சார், வீட்டுல நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பெட்டைக்குஞ்சு பொரிக்கும்போதே அது பின்னாடி போடப்போற முட்டைக்கான செல் எல்லாம் அதோட வயித்துல இருக்குமாமே, நெசமா? அது சினைப்பையிலயே உருவாகுதா?

பதில்: முதல் பாதி நெசம், லட்சக்கணக்குல இருக்கும். ரெண்டாவதுதான் இல்ல. நம்ம எல்லாருமே சினைப்பைதான் அந்த செல்லை தயாரிக்குதுன்னு நினைச்சுட்டு இருக்கோம், ஆனா சினைப்பைன்னு ஒண்ணு உருவாகுறதுக்கு முன்னாடியே அந்த செல்லுங்க வந்தாச்சு. பிரைமார்டியல் ஜெர்ம் செல்னு பேரு, அதாவது பின்னாடி முட்டையாவோ விந்தாவோ ஆகப்போற ஆதி இனச்செல், சுருக்கமா பிஜிசி. கோழி முட்டை போட்ட அன்னிக்கு மஞ்சக்கரு மேல சின்னதா வெள்ளைப் புள்ளி தெரியும்ல, அதுக்குள்ள பல்லாயிரம் செல் இருக்கு, அதுல சுமார் 30 செல்தான் இந்த வகை.

அடையில வெச்சதும் இதுங்க கருவோட தலைக்கு முன்னாடி, உடம்புக்கே வெளியில, பிறை வடிவத்துல ஒரு ஓரமா போய் ஒதுங்கிடும். ஏன் வெளியில போகணும்? இந்த நேரத்துல உள்ள இருக்குற செல்லுக்கெல்லாம் நீ தோலாகு, நீ தசையாகுன்னு சிக்னல் வந்துட்டே இருக்கும், அதுல மாட்டாம இருக்கத்தான்னு ஒரு விளக்கம் இருக்கு, எனக்கு அது சரியாத்தான் படுது.

ரெண்டு நாள் தாண்டி இதயம் துடிச்சு ரத்தம் ஓட ஆரம்பிச்சதும் நேரா ரத்தக்குழாய்க்குள்ள போயிடுதுங்க! டவுன் பஸ்ல ஏறின மாதிரி கரு முழுக்க சுத்தி, பின்னாடி சினைப்பையோ விரையோ ஆகப்போற மேடு பக்கத்துல வந்ததும் இறங்கிடும். அந்த மேட்டுல இருந்து வர்ற எஸ்டிஎஃப்-1ங்கிற புரதம்தான் இதுங்கள இழுக்குது. சிலது தலைப்பக்கம் நுண்குழாய்ல சிக்கி அங்கயே செத்தும் போகும். இதுங்க ரத்தம் வழியா போகுதுன்னு 1914லயே ஸ்விஃப்ட்னு ஒருத்தர் எழுதிட்டார், சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தா ரத்த செல்லை விட பெருசா, உருண்டையா, கிளைக்கோஜன்ங்கிற சேமிப்புச் சர்க்கரை நிறைஞ்சு தனியா தெரியும். இடது பக்க மேட்டுலதான் அதிகமா குடியேறும், பெட்டைக்கு இடது சினைப்பை மட்டும்தான் வளரும்ங்கிறது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பொரிக்க ஒரு வாரத்துக்கும் குறைவா இருக்கும்போது இந்த செல்லுங்க கருமுட்டையா மாறுற வேலைய ஆரம்பிச்சுடும்.

கேள்வி: இத தெரிஞ்சு பண்ணைக்காரனுக்கு என்ன லாபம்?

பதில்: இருக்குங்க. மாட்டுக்கு சினை ஊசி போட விந்தை உறைய வைக்கிறோம், ஆனா கோழி முட்டைய உறைய வைக்க முடியாது, அவ்ளோ மஞ்சக்கரு. அதனால அழியப்போற கோழி ரகத்தை காப்பாத்த பிஜிசியத்தான் பிடிக்கிறாங்க. ரெண்டரை நாள் கருவோட ரத்தக்குழாய்ல மெல்லிசான கண்ணாடி ஊசிய விட்டு துளியூண்டு ரத்தம் எடுத்து, செல்லை லேப்ல பெருக்கி, திரவ நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரியில வெச்சுடுவாங்க. ஸ்காட்லாந்துல எடின்பரோ பக்கத்துல இருக்குற ரோஸ்லின் இன்ஸ்டிட்யூட்ங்கிற ஆராய்ச்சி நிலையத்துல, சொந்தமா இனச்செல்லே உருவாகாத மாதிரி டிடிஎக்ஸ்4ங்கிற ஜீனை மாத்தின பெட்டைக்கருவுக்குள்ள அரிய ரகத்தோட செல்லை செலுத்தினாங்க, அது வளர்ந்து போட்ட முட்டையெல்லாம் அந்த அரிய ரகம்தான்.

கேள்வி: மனுஷங்களுக்கும் இப்படித்தானா?

பதில்: பயணம் உண்டு, ரத்தம் வழியா இல்ல. நாலாவது வாரம் மஞ்சக்கருப் பை சுவர்ல இருக்கும், அங்கிருந்து குடல் வழியா ஊர்ந்து ஆறாவது வாரம் வாக்குல வந்து சேரும். பெண் கருவுல அஞ்சு மாசத்துல 60, 70 லட்சமா பெருகி, பொறக்கும்போது 10லேர்ந்து 20 லட்சமா குறைஞ்சிடும். வழிதவறின செல் பெரும்பாலும் செத்துடும், சாகாம தங்கினதுதான் சில குழந்தைங்களுக்கு வால் எலும்பு பக்கம் டெரட்டோமா கட்டியா வருதுன்னு சொல்றாங்க, அதுக்குள்ள முடி, பல்லு கூட இருக்கும்.

யாரு இனச்செல் ஆகணும்ங்கிற முடிவுதான் உயிருக்கு உயிர் மாறுது. பழ ஈக்கு தாய் முட்டையோட பின்முனையிலயே அதுக்கான சரக்கை வெச்சு அனுப்பிடும், அங்க உருவாகுற செல்தான் இனச்செல். எலிக்கு அப்படி எதுவும் கிடையாது, பக்கத்து திசுல இருந்து பிஎம்பி4ங்கிற சிக்னல் கிடைச்ச செல்லுங்க, ஏழு நாள் கருவுல ஒரு 40தான், இந்த வேலைக்கு ஒதுங்குதுங்க.