சிறிய வீடு போதும், இடம் நன்றாக இருக்கட்டும்: கைக்குழந்தையுடன் வீடு தேடுவோரின் கேள்விகள்

கேள்வி: எங்களுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரே அறை கொண்ட வீட்டில் இருக்கிறோம். இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் போகும்படி உறவினர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் அப்படி ஒரு வீடு நகரத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. அங்கிருந்து வேலைக்குப் போய்வர மூன்று மணி நேரம் ஆகும். வாடகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை என்றால் நகருக்குள்ளேயே ஒரு படுக்கையறை வீடு கிடைக்கும். எதை எடுப்பது?

பதில்: நகருக்குள் இருக்கும் சிறிய வீட்டை எடுங்கள். உறவினர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் குழந்தை வந்ததும் முதலில் தேவைப்படுவது கூடுதல் அறை என்று எண்ணுவது சரியல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட உறக்கப் பாதுகாப்பு வழிகாட்டுதல், குறைந்தது முதல் 6 மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, தனக்கென்று ஒரு தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது என்கிறது. அப்படியானால் முதல் வருடத்தில் பாதியாவது அந்த இரண்டாவது அறை காலியாகவே கிடக்கும். பயன்படாத அறைக்கு மாதாமாதம் வாடகை கட்டாதீர்கள்.

பயணத்துக்கான மூன்று மணி நேரத்தை நீங்கள் மட்டும் இழக்கப்போவதில்லை. அத்தனை நேரமும் ஒருவர் வீட்டில் குழந்தையோடு தனியாக இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேறிவரும் தாய்க்கு, இன்னொருவர் மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வீடு திரும்புவது பெரிய உதவி. அதை எந்த அறையும் ஈடுசெய்யாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். விளம்பரத்தில் இருக்கும் வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். உங்கள் மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருக்கும் வீட்டுக்கு வாடகை 27, பராமரிப்புக் கட்டணம் 3, இருவரின் பயணச் செலவு 8, மருத்துவரிடம் போய்வர வாகனக் கூலி 3 என்றால் மொத்தம் 41. அருகில் இருக்கும் வீட்டுக்கு வாடகை 32, பராமரிப்பு 3, பயணம் 3, மருத்துவரிடம் நடந்தே போய்விடலாம் என்றால் மொத்தம் 38. இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். தரகருக்கும் சாமான் ஏற்றி இறக்குவதற்கும் ஆகும் செலவை, அந்த வீட்டில் எத்தனை மாதம் இருக்கப்போகிறீர்களோ அத்தனையால் வகுத்து மாதச் செலவோடு சேருங்கள். வருடத்துக்கொரு முறை வீடு மாறுகிற குடும்பத்துக்கு, குறைந்த வாடகை வீடுகூட விலை உயர்ந்த வீடாகிவிடுகிறது.

அந்த 100 என்பது எந்த மாதத்து வருமானம் என்பது இன்னும் முக்கியம். பேறுகால விடுப்பில் சம்பளம் குறையலாம், நின்றும் போகலாம். விடுப்பு முடிந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டியிருக்கலாம். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் உங்கள் கையில் மிகக் குறைவாகப் பணம் இருக்கப்போகும் மாதம் எது என்று கண்டுபிடியுங்கள். அந்த மாதத்திலும் கொடுக்க முடிகிற வாடகைதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை. வருமானத்தில் 30 சதவீதம் வரை வாடகை கொடுக்கலாம் என்று ஊரெங்கும் சொல்லப்படும் கணக்கை அப்படியே ஏற்காதீர்கள். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் வசித்த குறைந்த வருமானக் குடும்பங்களிடம் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதற்காக 1969இல் 25 சதவீதம் என்று வைத்த வரம்பு அது. 1981இல் 30 ஆக உயர்த்தினார்கள். புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டின் செலவை எண்ணிப் பார்த்து வகுத்த விதி அல்ல.

வீடு பார்க்கப் போகும்போது உங்களுக்கு உதவக்கூடிய ஒருவரின் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், நெருங்கிய தோழியாக இருக்கலாம். நீங்கள் அழைத்தால் அவர் அரை மணி நேரத்தில் வந்துசேர முடிகிற வட்டாரத்தில் தேடுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வரும் இரவில் அந்த அரை மணி நேரத்தின் அருமை தெரியும்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது என்றதும் வீட்டு உரிமையாளர்கள் பின்வாங்குகிறார்கள். குடிபோகும் வரை சொல்லாமல் இருந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் மறுத்துவிட்டால் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. முன்பணம் கொடுத்த பிறகு தெரிந்து அவர் முகம் மாறினால், பணத்தைத் திரும்ப வாங்குவதே ஒரு வேலையாகிவிடும். குடிவந்த பிறகு தெரியவந்தாலோ, அதன் பின்னால் வரும் ஒவ்வொரு சிறு தகராறிலும் “நீங்கள் மறைத்தவர்கள்தானே” என்ற பேச்சு எழும். அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது. ஒப்பந்தத்தில் குடியிருப்போர் பட்டியலில் குழந்தையின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

குழந்தை இருக்கிறது என்பதற்காக வாடகைக்கு வீடு தர மறுப்பதை அமெரிக்கா 1988இலேயே சட்டத்தால் தடுத்துவிட்டது. எல்லா நாடுகளிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்பதை உள்ளூர் வாடகைத் தீர்ப்பாயத்திலோ சட்ட உதவி மையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் பேச்சு வார்த்தை தேவைப்படும். உரிமையாளர் அஞ்சுவது பெரும்பாலும் மூன்று விஷயங்களுக்கு: இரவில் அழுகைச் சத்தம், சுவரில் கிறுக்கல், வாடகை தாமதமாவது. முந்தைய உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போனால் மூன்றாவது அச்சம் தீர்ந்துவிடும். சிறு குழந்தை உள்ள குடும்பம் அடிக்கடி வீடு மாற விரும்பாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். நிலையான குடித்தனக்காரர் கிடைப்பது அவருக்கும் நல்லதுதான்.

கேள்வி: வீட்டைச் சுற்றிப் பார்க்கப் பத்து நிமிடம்தான் தருகிறார்கள். குழந்தைக்காக முக்கியமாக எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் ஓதம். சுவரில் ஏறியிருக்கும் ஈரமும் அதில் வளரும் பூஞ்சையும் இருமலையும் இழுப்பையும் அதிகப்படுத்தும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத்தர வழிகாட்டுதலில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. மூடியிருக்கும் அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கண்ணை விட மூக்கு முன்னதாகக் கண்டுபிடிக்கும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். வீடு முழுவதும் பழைய வண்ணமாக இருக்கும்போது ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் கீழ்ப்பகுதிக்கு மட்டும், புது வண்ணம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை பார்க்க அனுமதி கேட்பது மிகவும் பயன்தரும்.

அடுத்தது பழைய கட்டடங்களின் பெயின்ட். ஈயம் கலந்த பெயின்டை வீடுகளில் பயன்படுத்த அமெரிக்கா தடை விதித்தது 1978இல்தான். பல நாடுகளில் அதற்கும் பிறகுதான் கட்டுப்பாடு வந்தது. குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு வரை ஈயம் இருக்கலாம் என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. திறந்து மூடும்போது ஜன்னல் சட்டமும் கதவு விளிம்பும் உரசி நுண்ணிய தூளாக உதிரும், அது தரையில் படியும். இன்னும் சில மாதங்களில் உங்கள் குழந்தை அந்தத் தரையில்தான் தவழும், கையை வாயில் வைக்கும். உரிந்து தொங்கும் பழைய பெயின்ட் இருக்கிற வீட்டை, வேறு வழியிருந்தால், விட்டுவிடுங்கள். அந்த வீட்டைத்தான் எடுக்க வேண்டும் என்றால், சரிசெய்வது உரிமையாளர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். வேலையை அது தெரிந்த ஆளைக்கொண்டு, நீங்கள் குடியேறும் முன்பே முடிக்க வேண்டும். காய்ந்த நிலையில் சுரண்டினால் தூள் வீடெங்கும் பரவும்.

குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருந்தால் அதன் புகை வெளியே போகக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குடியேறுவதற்கு முன் மாற்றச் சொல்லுங்கள். அந்தப் புகையில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மின் கீசராக இருந்தால் வெப்ப அளவை 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் வையுங்கள். 60 டிகிரி நீர் சில விநாடிகளுக்குள் குழந்தையின் மென்மையான தோலைப் புண்ணாக்கிவிடும்.

பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. ஜன்னலுக்குக் கம்பி வேண்டும். கொசுவலை குழந்தையின் எடையைத் தாங்காது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி மலிவாகத் தெரியலாம். அறுவை சிகிச்சையில் பிரசவமான தாயிடம் முதல் சில வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். குழந்தையோடு பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் தெருப்பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். கீழ்த்தளத்தில் பட்டறையோ ஷட்டர் இழுத்து மூடும் கடையோ இருந்தால் பகலில் தெரியாது.

கேள்வி: இணையத்தில் ஒரு வீடு பாதி வாடகைக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார்.

பதில்: அனுப்பாதீர்கள். இது மோசடி. வீட்டுக்குள் நின்று பார்க்காமல், எதிரில் இருப்பவர்தான் உரிமையாளர் என்பதற்கு அடையாள ஆவணத்தையும் சொத்துவரி ரசீதையும் சேர்த்துப் பார்க்காமல், யாருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ரசீதில் உள்ள பெயரும் பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். குடியிருப்பவரே உரிமையாளர்போல நடித்து உள்வாடகைக்கு விட்டுவிடுவதும் உண்டு. பச்சிளம் குழந்தையோடு வீடு தேடுகிறவர்களுக்கு அவசரம் அதிகம் என்பது ஏமாற்றுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். “இன்னும் இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போனார்கள், இன்றே அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்தினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வீடு பிடித்திருக்கிறது, வாடகைதான் கொஞ்சம் அதிகம். குறைக்கக் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் உரிமையாளர் இழப்பது வருட வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8 சதவீதம். உடனே வந்துவிடுகிறோம், 5 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் கேட்டால், அந்த வருடக் கணக்கில் அவருக்கும் லாபம்தான். இந்தக் கணக்கை அவரிடமே பொறுமையாக எடுத்துச் சொல்லலாம்.

அவர் குறைக்க மறுத்தால், இரண்டு வருடத்துக்கு ஏற்றாமல் இருக்கும்படி கேளுங்கள். உங்கள் நிலையில் இன்றைய சிறு தள்ளுபடியை விட அதுவே மேல். கூடவே, வேலை மாறினாலோ வருமானம் குறைந்தாலோ ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம், முன்பணத்தில் பிடித்தம் இருக்காது என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சுவர்க் கீறல், தேய்ந்த தரை போன்ற இயல்பான பழுதுகளுக்குப் பணம் பிடிக்கக்கூடாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, அன்றே உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.