11ஆம் எண்ணுக்கு மேலே இருக்கும் பத்துப் பேர்

கேள்வி: ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி.க்குக் காத்திருப்போர் பட்டியலில் 11ஆம் எண் வந்திருக்கிறது. சீட் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? அதுவரை தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிடலாமா?

தம்பி, 2011இல் நானும் இதே எம்.எஸ்சி. இயற்பியலுக்கு, இதே மாதிரி ஒரு பட்டியலில் காத்திருந்தவன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். இப்போது காவேரிப்பட்டணத்துக்கு அருகில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். எங்களிடம் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் இந்தக் கேள்வியோடு போன் செய்வார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 11 என்ன 11 என்று பாருங்கள். மொத்தப் பட்டியலில் 11ஆ, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் 11ஆ? இரண்டும் வேறு வேறு. ஒரு துறையில் 26 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் மாநில ஒதுக்கீட்டுக் கணக்குப்படி பொதுப் போட்டிக்கு 31 சதவீதம், அதாவது 8 இடம். பி.சி.க்கு 26.5 சதவீதம், 7 இடம். எம்.பி.சி.க்கு 20 சதவீதம், 5 இடம். எஸ்.சி.க்கு 15 சதவீதம், 4 இடம். பி.சி. முஸ்லிம், அருந்ததியர் பிரிவுகளுக்கு ஆளுக்கு ஒன்று. எஸ்.டி.க்கு 1 சதவீதம் என்பதால் இவ்வளவு சின்ன வகுப்பில் அது முழு இடமாகவே வராது. ஐந்தே இடம் உள்ள பிரிவில் 11ஆம் எண் என்றால் கடினம். மொத்தத் தரவரிசையில் 11, உங்கள் பிரிவில் 2 அல்லது 3 என்றால் கதையே வேறு. பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பிரிவு போட்டிருப்பார்கள். ஒரு தாளை எடுத்து உங்கள் பிரிவுக்காரர்களை மட்டும் தனியாக எழுதி எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. 11ஆம் எண் என்றால் சேர்ந்தவர்களில் 11 பேர் விலகினால்தான் நமக்கு என்று எல்லோரும் நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. உங்களுக்கு முன்னால் காத்திருக்கிற பத்துப் பேரும் உங்களைப் போலவே நாலு இடத்தில் விண்ணப்பம் போட்டவர்கள்தான். அவர்களில் பாதிப் பேர் இந்நேரம் வேறெங்காவது சேர்ந்திருப்பார்கள். துறையிலிருந்து போன் போனால் "வேண்டாம் சார், நான் சேர்ந்துவிட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள்.

என் கதையையே சொல்கிறேன். எம்.பி.சி. பிரிவில் 5 இடம், எனக்குக் காத்திருப்பு எண் 4. தேர்வானவர்களில் ஒருவர் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.க்குப் போய்விட்டார். இன்னொருவர் பி.எட். சேர்ந்துவிட்டார். அப்போது பி.எட். ஒரே ஆண்டுதான், சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று நிறையப் பேர் அந்தப் பக்கம் போவார்கள். ஆக, காலியானது இரண்டே இடம். காத்திருப்பில் முதல் ஆள் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டார். இரண்டாவது ஆளும் பி.எட்., மூன்றாவது ஆள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சேலத்தில் சேர்ந்துவிட்டார். நாலாவதாக என் எண்ணுக்குப் போன் வந்தது. இதெல்லாம் எனக்கு அப்புறம் விடுதியில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. என் மதிப்பெண் என்னைப் பட்டியலில் ஏற்றியது. உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது மேலே இருந்தவர்களின் முடிவுகள்.

அதனால் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதை விட, மேலே இருப்பவர்களுக்கு வேறு போக்கிடம் இருக்கிறதா என்று யோசியுங்கள். இயற்பியல், வேதியியல், கணிதம் என்றால் இருக்கிறது. ஜாம் எழுதியவர்கள் ஐ.ஐ.டி.க்கும், 2022 முதல் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கும் போவார்கள். அந்தச் சுற்றுகள் முடிய முடியத்தான் இங்கே பட்டியல் நகரும். பி.எட். சேர்க்கை நடக்கும் நாட்களில் இன்னும் ஒருமுறை ஆட்டம் காணும். முதல் பத்து நாளில் ஒன்றும் நகரவில்லையே என்று மனதை விட்டுவிட வேண்டாம். அதே சமயம், அந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே இருக்கிற அரிய பாடம், வேறெங்கும் போக வழியில்லாத பிரிவு என்றால் பட்டியல் அசையவே அசையாது. அதில் 3ஆம் எண் கூட எனக்கு நம்பிக்கை தராது.

போன ஆண்டு உங்கள் பிரிவில் எந்த எண் வரைக்கும் கூப்பிட்டார்கள்? துறை அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நேரில் போய் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் சேர்க்கையே முடிந்துவிடும். அந்த ஒரு கேள்வியோடு இதையும் கேளுங்கள்: பொதுப் போட்டி இடம் ஒன்று காலியானால், தரவரிசையில் அடுத்து இருக்கிற எம்.பி.சி. அல்லது பி.சி. மாணவரை அங்கே நகர்த்தி, அவர் விட்ட இடத்தை அந்தப் பிரிவுக்குக் கொடுப்பீர்களா? அப்படிச் செய்யும் இடத்தில் ஒரே ஒருவர் விலகினாலும் இரண்டு பட்டியல்கள் நகரும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தனியார் கல்லூரியில் சேரலாமா? சேருங்கள். கையில் ஓர் இடம் இல்லாமல் காத்திருக்க வேண்டாம். ஆனால் எப்படிச் சேர வேண்டும் என்பதில்தான் நான் அடிபட்டேன்.

அன்று சனிக்கிழமை. அப்பாவோடு தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி வாக்கில் போன். "திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடும் டி.டி.யோடும் வரணும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம்." கையெல்லாம் தக்காளிச் செடியின் பச்சைக் கறை, பேனா கிடையாது. வரப்பில் உட்கார்ந்திருந்த தங்கச்சி தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: பதிவாளர் பெயருக்கு, கோயம்புத்தூரில் மாற்றத்தக்கது. அப்போதெல்லாம் சனிக்கிழமை வங்கி அரை நாள்தான். அப்பா டி.வி.எஸ். 50ஐ எடுத்துக்கொண்டு மண்டிக்கு ஓடி, தெரிந்தவரிடம் ஆறாயிரத்துச் சொச்சம் கைமாற்றாக வாங்கி வந்தார். பணம் கட்டும் கவுன்ட்டரை மூடும் நேரத்துக்குப் போய் நின்றோம். நோட்டுப் பக்கத்தைக் கண்ணாடிக்கு அடியில் நீட்டியதும் அந்த அம்மா எழுந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து டி.டி. போட்டுக் கொடுத்தார்கள். அவர்களை இன்றைக்கும் மறக்கவில்லை.

டி.டி. கிடைத்துவிட்டது, சான்றிதழ் கிடைக்கவில்லை. மூன்று வாரம் முன்பு ஒரு தனியார் கல்லூரியில் சேரும்போது டி.சி., மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அசலாகவே கொடுத்திருந்தேன். அன்று மதியம் போய்க் கேட்டால், "முழு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கோ" என்றார்கள். எங்கள் அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று அந்த வராந்தாவில் இரண்டு மணி நேரம் நின்று கெஞ்சினார். கொடுக்கவில்லை. ஞாயிறு இரவு பஸ் ஏறி, சேலத்தில் மாறி, அட்டெஸ்ட் செய்த நகல்களோடு கோவை போனேன். துறைத் தலைவர் வெள்ளைத் தாளில் ஓர் உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு 15 நாள் அவகாசம் கொடுத்தார். பதின்மூன்றாவது நாள் மீதிப் பணத்தைக் கட்டி அசல்களை மீட்டோம். அந்தப் பருவத்துத் தக்காளிக் காசு முழுக்க அதற்கே போனது.

நீங்கள் இப்படி நிற்க வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வெளியிட்ட அறிவிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. பணத்துக்கும் அதில் கணக்கு உண்டு. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகை. 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, அடுத்து 30ஆம் நாள் வரை 50. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. முழுத் தொகை என்று சொன்னாலும் செயலாக்கக் கட்டணம் என்று 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய், பிடிக்கலாம். 2024இல் இன்னும் தளர்த்தி, செப்டம்பர் 30க்குள் விலகியவர்களுக்கு முழுப் பணம், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம் என்றார்கள். உங்கள் ஆண்டுக்கு என்ன தேதி என்று யு.ஜி.சி. தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியலாம்.

சட்டம் இருக்கிறது என்பதற்காக அசலைக் கொடுத்துவிட்டுச் சண்டை போடவும் வேண்டாம். சேரும் அன்றைக்கே அறிவிக்கையின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, "சரிபார்த்துவிட்டுத் தாருங்கள் சார், ஒரு செட் நகல் தருகிறேன்" என்று சொல்லுங்கள். டி.சி. மட்டும் சேர்ந்த இடத்தில் கேட்பார்கள். கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்து போனில் வைத்திருங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த நம்பரை மாற்றவே மாற்றாதீர்கள், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுங்கள். மின்னஞ்சலைக் காலை, மாலை இரண்டு வேளையும் பாருங்கள், ஸ்பாம் பெட்டி உட்பட.

இன்னொரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடைசியில் சேர்கிறவர்களுக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடம் இருக்காது. இரண்டு வருஷம் முன்பு பென்னாகரத்துப் பெண் ஒருத்தி, எங்கள் பள்ளியில் படித்தவள், காத்திருந்து சீட் வாங்கினாள். விடுதி இல்லை என்றதும் வீட்டில் அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் கல்லூரி மாணவியருக்கென்று தனியாக விடுதிகள் நடத்துகின்றன என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் போட்டு இடம் வாங்க இரண்டு வாரம் ஆனது. அதுவரை அவளுடைய அத்தை வீட்டிலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் வந்தாள். இப்போது பி.எச்டி.க்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். நீங்களும் அழைப்பு வரும் முன்பே விடுதிக்கு விசாரித்து வைத்துவிடுங்கள்.

கடைசி நாள் வரை அழைப்பு வரவில்லையா? அப்போதும் ஒரு வாய்ப்பு மிச்சம் உண்டு. சில துறைகளில் காலி இடங்களுக்கு ஸ்பாட் அட்மிஷன் என்று அறிவிப்பார்கள். தளத்தில் ஒரு சின்ன அறிவிப்பாக வரும், இரண்டு நாள்தான் அவகாசம் இருக்கும். நேரில் போய் நிற்பவர்களை வைத்தே நிரப்பிவிடுவார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் தூரம் என்று போகாமல் விடுவது இந்த இடத்தில்தான்.

திங்கட்கிழமை காலையில் துறைக்குப் போன் செய்து, உங்கள் பிரிவில் எத்தனை இடம், இதுவரை எத்தனை பேர் பணம் கட்டியிருக்கிறார்கள், போன ஆண்டு எந்த எண் வரை போனது, கடைசி நாள் எது என்ற நான்கையும் கேட்டு இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.