பாம் கணினியில் மாஜாங்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய பாம் எம்505 கையடக்கக் கணினி ஒன்று கைக்கு வந்தது. மாஜாங் சாலிடேர் (அடுக்கிய காய்களை ஜோடி ஜோடியாக எடுக்கும் தனியாள் ஆட்டம்) ஷேர்வேர் ஒன்றை, அதாவது சோதித்துப் பார்த்த பிறகு காசு கட்டும் மென்பொருளை, அதில் ஏற்ற வேண்டும். ஆனால் கணினியோடு இணைத்துத் தகவல் பரிமாறும் அதன் ஹாட்சிங்க் தொட்டிலை என் புதிய கணினி கண்டுகொள்ளவே இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: தொட்டிலை விட்டுவிடுங்கள். எம்505-இன் தலையில் எஸ்.டி. அட்டைக்கான துளை இருக்கிறது. 128 எம்பி அட்டையே தாராளம். எஸ்டிஹெச்சி (பிந்தைய, அதிகக் கொள்ளளவு) வகை மட்டும் வேண்டாம், அந்தக் காலக் கருவி அதைப் படிக்காது. அட்டையை ஃபேட்16 முறையில் ஃபார்மட் செய்து, 'பாம்' என்றொரு கோப்புறையும் அதற்குள் 'லாஞ்சர்' என்றொரு கோப்புறையும் (இரண்டின் பெயரும் ஆங்கில எழுத்தில்) போட்டு, பிஆர்சி கோப்பை (பாம் செயலிக் கோப்பு) உள்ளே வையுங்கள். அட்டையைச் செருகியதும் முகப்புத் திரையின் வகைப் பட்டியலில் அட்டையின் பெயர் வரும்; அதைத் தொட்டால் விளையாட்டின் படம் தெரியும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அட்டையிலிருந்து திறக்கும்போது பாம் அந்த பிஆர்சி-யை நினைவகத்துக்கு நகலெடுத்து ஓட்டும், வெளியேறியதும் அழித்துவிடும். காய் அடுக்கும் அமைப்புகளைத் தனி பிடிபி (தரவு) கோப்பாக வைத்திருக்கும் விளையாட்டுகள் அந்தக் கோப்பை நினைவகத்தில் தேடும். கிடைக்காதபோது ஒரே ஒரு அமைப்பு மட்டும் காட்டும், அல்லது பிழை சொல்லி நிற்கும். எனவே முகப்பு மெனுவில் 'காப்பி' கொடுத்து எல்லாக் கோப்புகளையும் கருவிக்குள்ளேயே கொண்டுவந்துவிடுங்கள். 8 எம்பி நினைவகத்துக்கு இது ஒரு சுமையே அல்ல.

கேள்வி: காசு கட்டி வாங்கிய பதிவு எண்ணை இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கருவியை ஹார்ட் ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருதல்) செய்த பிறகு அதே எண்ணைத் தவறு என்கிறது. ஏன்?

பதில்: எண்ணில் தவறில்லை, பெயர் மாறியிருக்கும். பாம் ஷேர்வேர்களில் பெரும்பாலானவை உங்கள் ஹாட்சிங்க் பயனர் பெயரின் எழுத்துகளை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் பதிவு எண்ணைச் சரிபார்க்கும். ஹார்ட் ரீசெட்டில் அந்தப் பெயர் அழிந்துவிடும். மறுபடி சிங்க் செய்யும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்தாகியிருந்தாலோ, கடைசியில் ஓர் இடைவெளி கூடியிருந்தாலோ கணக்கு ஒத்துவராது. கருவியில் ஹாட்சிங்க் செயலியைத் திறந்தால் மேல் வலது மூலையில் இப்போதைய பெயர் தெரியும். அதைப் பழைய ரசீதில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பாம் டெஸ்க்டாப்பின் பயனர் பட்டியலில் பெயரைத் திருத்தி மறுபடி சிங்க் செய்தால் பழைய எண்ணே வேலை செய்யும். ஒருமுறைகூட சிங்க் செய்யாத கருவிக்குப் பெயரே கிடையாது. அதில் இத்தகைய பதிவு எண் எதுவும் ஏறாது.

நண்பருக்கு அகச்சிவப்பு வழியாக பீம் செய்தால் விளையாட்டு போய்ச் சேரும், பதிவு போகாது. அங்கே சோதனைப் பிரதியாகத்தான் திறக்கும். ஷேர்வேர் எழுதியவர்கள் விரும்பியதும் அதைத்தான்.

கேள்வி: நேற்று ஏற்றிய சோதனைப் பிரதி, இன்று காலாவதி என்கிறது. 30 நாள் என்றுதானே போட்டிருந்தது?

பதில்: மின்கலம் முழுக்கத் தீர்ந்த கருவியில் தேதி பழைய நாளுக்குப் போய்விடும். அந்த நிலையில் முதல்முறை திறந்திருப்பீர்கள், பிறகு தேதியைத் திருத்தியிருப்பீர்கள். விளையாட்டின் கணக்கில் பல வருடங்கள் ஓடிவிட்டன. தேதியைச் சரிசெய்த பிறகுதான் எந்தச் சோதனைப் பிரதியையும் ஏற்ற வேண்டும்.

கேள்வி: ஒரு காயைத் தொட்டால் பக்கத்துக் காய் தேர்வாகிறது. திரை போய்விட்டதா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஆமை அமைப்பில் (காய்களை ஆமை வடிவில் அடுக்கும் வழக்கமான முறை) அகலவாக்கில் 15 காய் நிற்கும். திரையோ 160 புள்ளி. ஆக ஒரு காய்க்கு பத்துப் புள்ளி அகலம், அதாவது நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்டைலஸ் பிடிக்கும் கோணம் மாறினாலே அடுத்த காய்க்குப் போய்விடும். அமைப்புகளில் டிஜிட்டைசர் (தொடுதிரை அளவீடு) பகுதியைத் திறந்து சிலுவைக் குறிகளைத் தொடுங்கள்; மேசையில் வைத்தல்ல, விளையாடும்போது எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடித்துக்கொண்டு. அதற்கும் சரியாகாமல், திரையின் ஓரத்தில் மட்டும் பிசகினால் சட்டத்துக்கு அடியில் தூசு சிக்கியிருக்கும். மெல்லிய காகித அட்டையின் விளிம்பை உள்ளே விட்டு இழுத்தால் வந்துவிடும்.

இந்தப் பத்துப் புள்ளிக்குள் எழுத்துக் காய்களின் சீன எழுத்தை வரைய இடமில்லை. அதனால்தான் பல பாம் பிரதிகள் வெறும் எண்ணைப் போட்டு ஒப்பேற்றின. நான்கு சாம்பல் நிறம் மட்டுமே காட்டும் பழைய கருவிகளில் அதுவே நல்லது. அழகான காய்த் தொகுப்பைத் தேர்ந்தெடுத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பூக்காய்கள் ஒன்றுபோல இல்லையே, அவற்றை எப்படிச் சேர்ப்பது?

பதில்: நான்கு பூக்களில் எதையும் எதோடும் சேர்க்கலாம், நான்கு பருவங்களும் அப்படியே. பூவையும் பருவத்தையும் கலக்க முடியாது. மற்ற 136 காய்களும் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும்.

கேள்வி: பாதிக்கு மேல் எடுத்த பிறகு 'நகர்வு இல்லை' என்று நின்றுவிடுகிறது. அதிர்ஷ்டம்தானா, இல்லை முறை ஏதாவது உண்டா?

பதில்: முறை உண்டு. கண்ணில் படும் ஜோடியை உடனே எடுப்பதுதான் தோல்விக்கு முதல் காரணம். இந்த ஆட்டம் ஜோடிகளில் நடப்பதாகத் தோன்றும். உண்மையில் நான்கு நான்காக நடக்கிறது. ஒவ்வொரு காய்க்கும் நான்கு பிரதிகள். நான்கும் திறந்திருந்தால் (மேலே எதுவும் இல்லாமல், இடப்பக்கமோ வலப்பக்கமோ காலியாக இருந்தால்) யோசிக்காமல் நான்கையும் எடுங்கள், நஷ்டமே இல்லை. இரண்டு ஏற்கெனவே போய், மிச்ச இரண்டும் திறந்திருந்தாலும் அப்படியே. சிக்கல், மூன்று திறந்து நான்காவது மறைந்திருக்கும்போதுதான். எந்த இரண்டை எடுத்தால் அதிகக் காய்கள் விடுபடும் என்று பாருங்கள். நிறுத்தி வைக்கும் மூன்றாவது காய், நான்காவதன் மேலேயே உட்கார்ந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது; மேலே உள்ளதை எடுக்கக் கீழே உள்ளது வேண்டும், கீழே உள்ளது வெளிவர மேலே உள்ளது போக வேண்டும்.

ஆமையில் அடி அடுக்கில் 87, அதன் மேல் 36, 16, 4, உச்சியில் 1. உச்சிக் காய் ஒன்றே கீழே நான்கை மூடுகிறது. இடது ஓரத்தில் தனியாக நிற்கும் காய் நடு இரண்டு வரிசைகளையும் ஒருசேர அடைக்கிறது. வலது ஓரத்தில் அதே வேலையை இரண்டு காய்கள் செய்கின்றன. உச்சிக் காய், இடது ஓரக் காய், வலது கடைக்கோடிக் காய் மூன்றும் தொடக்கத்திலேயே திறந்திருப்பவை. இவற்றுக்கு ஜோடி தேடுவதே முதல் வேலை. அதற்கப்புறம் நடு அடுக்கையும் நீண்ட வரிசைகளையும் குறையுங்கள். ஓரத்துக் குட்டை வரிசைகள் காத்திருக்கட்டும்.

இன்னொரு பொறி: ஓரிடத்தில் ஐந்து வட்டம் என்ற காயின் அடியில் தெற்குக் காற்று என்ற காய், வேறோர் இடத்தில் தெற்குக் காற்றின் அடியில் ஐந்து வட்டம். இரண்டிலும் மற்ற ஜோடிகளை நீங்கள் முன்பே எடுத்துவிட்டால் இவை ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். மாற்றுச் சாவி இல்லை, 'அன்டூ' (கடைசி நகர்வைத் திரும்பப் பெறுதல்) மட்டும்தான்.

அதிர்ஷ்டத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. வெறுமனே கலைத்துப் போட்ட ஆமைகளில் ஏறத்தாழ 3 சதவீதம், மறைந்த காய்களையெல்லாம் பார்த்து ஆடினாலும் தீராதவை என்று கணினிக் கணக்குகள் காட்டியிருக்கின்றன. இதைத் தவிர்க்கச் சில விளையாட்டுகள் காலிப் பலகையில் ஜோடி ஜோடியாகப் பின்னோக்கி அடுக்கும். அப்படிப் போட்டதற்கு ஒரு தீர்வாவது நிச்சயம். நீங்கள் எடுக்கும் வழியெல்லாம் தீர்வுக்குப் போகும் என்று அர்த்தமில்லை.

கேள்வி: இது சீனர்களின் பழைய ஆட்டமா?

பதில்: காய்கள் பழையவை, ஆட்டம் புதியது. நான்கு பேர் ஆடும் மாஜாங் வேறு. தனியாள் ஆடும் இதை 1981-இல் பிளாட்டோ என்ற கல்விக் கணினி அமைப்புக்காக எழுதியவர் பிராடி லாக்கார்ட். ஜிம்னாஸ்டிக்ஸ் விபத்தில் உடல் செயலிழந்தவர் அவர். 1986-இல் ஆக்டிவிஷன் 'ஷாங்காய்' என்ற பெயரில் வெளியிட்ட பிறகுதான் பரவியது. முதல் வடிவமே தொடுதிரை முனையத்தில் ஆடப்பட்டது என்பதால், ஸ்டைலஸ் இதற்கு அந்நியமல்ல.

கேள்வி: புதிய பதிப்பை ஏற்றும் முன் பழையதை நீக்க வேண்டுமா?

பதில்: கூடாது. நீக்கினால் அதே படைப்பாளர் குறியீடு (ஒரு செயலியின் கோப்புகளை அடையாளம் காட்டும் குறி) கொண்ட எல்லாக் கோப்புகளும் சேர்ந்து போகும், உங்கள் மதிப்பெண் பட்டியலும் அதில் அடக்கம். மேலேயே ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு கருவி திரும்பத் திரும்ப முடங்கினால், மேல் நகர்த்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே பின்பக்க ரீசெட் துளையைக் குத்துங்கள். தரவு அழியாமல் திறக்கும். மின் பொத்தானை அழுத்திக்கொண்டு குத்தினால் அது ஹார்ட் ரீசெட், எல்லாம் போய்விடும்.

கேள்வி: கருவியே இல்லாமல் ஆட முடியுமா?

பதில்: முடியும். கிளவுட்பைலட் என்ற எமுலேட்டர் (பாம் கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) பிரவுசரிலேயே ஓடுகிறது. பிஆர்சி-யை ஏற்றுவதற்கு முன் அதன் அமைப்பில் ஹாட்சிங்க் பெயரைப் பழைய ரசீதில் உள்ளபடியே கொடுத்துவிடுங்கள்.